பத்தியமும் பாராசிட்டமாலும்: கொழுப்பின் மீது விழுந்த பழி

மாட்டுங்காவின் பழைய தமிழ்க் குடியிருப்புகளிலும், தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட குடும்பங்களிலும், செம்பூரின் அலுவலர் குடியிருப்புகளிலும் ஒரு வழக்கம் சாதி வேறுபாடின்றி நிலவிவந்திருக்கிறது. காமாலை என்றால் தாளிப்பு நிற்கும். நெய்யும் எண்ணெயும் விலக்கப்படும். மோரில் கலந்த கீழாநெல்லியும் கரும்புச் சாறும் வரும். இதனை வெறும் நாட்டு நம்பிக்கை என்று ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலை மருத்துவமும் ஏறத்தாழ இதையே, தன் சொந்தச் சோதனைகளின் பேரில், சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தச் சோதனைகளின் கதை வலிநிவாரணியில் தொடங்கவில்லை. மயக்க மருந்தில் தொடங்குகிறது. 1888, 1889 ஆண்டுகளில் நிசாமின் ஆதரவில் எட்வர்டு லாரி ஹைதராபாத்தில் நடத்திய இரு குளோரோபார்ம் ஆணையங்களும் ஒரே வினாவைப் பற்றிக்கொண்டு நின்றன: சாவுக்குக் காரணம் மூச்சு நிற்பதா, இதயம் நிற்பதா? அறுவை மேசையிலேயே நேரும் சாவுதான் அவர்களது கவலை. மயக்கம் தெளிந்து, சில நாள் கழித்து நேரும் சாவு அந்த வினாவுக்குள் வரவேயில்லை. 1894-இல் லண்டனில் லெனர்டு கத்ரி அத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, அவர்களது கல்லீரல் கொழுப்பேறிக் கிடந்ததைப் பதிவுசெய்தார். இத்தனை விலங்குகளைப் பலியிட்ட ஹைதராபாத் ஆய்வு கல்லீரலைத் தவறவிட்டது இந்திய மருத்துவ வரலாற்றின் பெரிய முரண்களுள் ஒன்று.

1914-இல் அமெரிக்காவில் யூஜின் ஓபியும் ஆல்ஃபோர்டும் உணவை மாற்றிப் பார்த்தனர். கொழுப்பு மிகுந்த உணவு பெற்ற விலங்குகளின் கல்லீரலைக் குளோரோபார்ம் கடுமையாகத் தாக்கியது. மாவுச்சத்து ஓரளவு காத்தது. சர்க்கரை கொடு, கொழுப்பைத் தவிர் என்னும் விதிக்கு இதுவே பெருந்துணையாயிற்று. கரும்புச் சாற்றை நம்பிய பாட்டிகளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திராது!

ஆனால் பழி இடம் மாறத் தொடங்கியது. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட சார்லஸ் பெஸ்டின் டொராண்டோ குழு, 1930-களின் தொடக்கத்தில், கோலின் என்னும் சத்து கல்லீரலில் கொழுப்புத் தேங்குவதைத் தடுக்கிறது என்று காட்டியது. 1940-இல் ராச்செஸ்டரில் விப்பிளின் குழு, புரதமின்றி மெலிந்த நாய்களுக்குக் குளோரோபார்முக்கு முன்னர் மெதியோனின் கொடுத்தது, கல்லீரல் தப்பியது. கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலம் செய்த வேலை இது. ஆகவே கேடு கொழுப்பு இருப்பதில் மட்டும் இல்லை, புரதம் இல்லாமையிலும் இருந்தது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ராமலிங்கசாமி முதலியோர் 1950-களில் புரதக் குறைபாட்டையும் கல்லீரலையும் இணைத்து ஆராய்ந்ததற்கு இந்தச் சிந்தனையே பின்புலம். தொற்றுக் காமாலையில் கொழுப்பை விலக்குவதால் பயனுண்டா என்பதை 1946-இல் ஹோக்லண்ட் குழுவும், கொரியப் போர்க்கால வீரர்களிடையே 1955-இல் தாமஸ் சால்மர்ஸ் குழுவும் மனிதர்களிடமே சோதித்தன. கடுமையான பத்தியத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை.

பாராசிட்டமால் இந்த இடத்தில்தான் நுழைகிறது. 1950-களின் நடுவில் மேலைச் சந்தைகளில் பரவிய அம்மாத்திரை, அளவு மீறினால் கல்லீரலை அழிக்கும் என்பதை 1966-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த அறிக்கை உணர்த்தியது. 1973-இல் மிட்செல், ஜாலோ உள்ளிட்டோர் அதன் வழியைக் கண்டனர். கல்லீரல் அம்மருந்தின் ஒரு பகுதியை நச்சுப் பொருளாக மாற்றுகிறது. குளூட்டாதையோன் அதனைப் பிடித்து முடக்குகிறது. குளூட்டாதையோன் தீர்ந்தால் நச்சு உயிரணுக்களையே பற்றுகிறது. குளூட்டாதையோனைக் கட்டுவதற்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலம் தேவை. விப்பிளின் நாய்களுக்கு உதவிய மெதியோனினே 1970-களில் பிரிட்டனில் நச்சுமுறி மருந்தாயிற்று. எடின்பரோவில் பிரெஸ்காட் முன்னெடுத்த அசிட்டைல்சிஸ்டீன் விரைவில் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று உலகெங்கும் அதுவே முதன்மை மருந்து.

கொழுப்பு முற்றிலும் விடுவிக்கப்பட்டதா? இல்லை, அதன் வகை கேள்விக்குரியதாயிற்று. 1989-இல் நாஞ்சியும் பிரெஞ்சும் மதுவூட்டிய எலிகளில் மாட்டுக் கொழுப்பு கல்லீரலைக் காத்ததாகவும் சோள எண்ணெய் கேட்டை வளர்த்ததாகவும் எழுதினர். இதயத்துக்கு நல்லது என்று பரிந்துரைக்கப்பட்ட எண்ணெய் இங்கே குற்றவாளி! 1991-இல் ஸ்பெக்கும் லாட்டர்பர்க்கும் மீன் எண்ணெய் உண்ட சுண்டெலிகள் பாராசிட்டமால் நச்சைக் கூடுதலாகத் தாங்கின என்றனர். இவை அனைத்தும் நச்சுக்கு முன்னரே ஊட்டப்பட்ட உணவின் விளைவுகள். நஞ்சு ஏறிய பின் எந்த எண்ணெயும் மருந்தாகாது. மருத்துவமனைக்குச் செல்வதில் நேரும் தாமதமே உயிரைப் பறிக்கும்.

மும்பைக்கு இதில் அக்கறை எண்ணெயால் அன்று, பட்டினியால் வருகிறது. 1994-இல் பிட்ஸ்பர்கில் விட்கோம்பும் பிளாக்கும், உண்ணாதிருந்தோரிடம் மிகப் பெரிதல்லாத கூடுதல் அளவும் கேடு விளைவித்ததாக எழுதினர்; நோயாளிகள் சிலரே என்பதால் அம்முடிவு விவாதத்துக்குரியதாகவே உள்ளது. ஆயினும் காய்ச்சலில் மூன்று நாள் கஞ்சித் தெளிவு மட்டும் குடித்து, வேலைக்குப் போகவேண்டி ஒரே மருந்தை இரு வேறு பெயர்களில் வாங்கி விழுங்கும் தாராவித் தொழிலாளியின் கல்லீரலில் குளூட்டாதையோன் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது கேட்கத்தக்க வினா. எண்ணெய் வேண்டாம் என்று வீட்டார் தட்டை நகர்த்தும்போது, அதனுடன் முட்டையும் மீனும் தயிரும் பருப்பும் சேர்ந்தே நகர்ந்துவிடுகின்றன.