துண்டுச் சீட்டும் பதினான்கு பேரும்

நமது வரலாற்றுப் பாடநூல்களிலே கோப்பிப் பயிருக்கு நோய் வந்த கதை உண்டு; தேயிலை வந்த கதை உண்டு; தேசாதிபதிகளின் பெயர் வரிசையும் உண்டு. ‘துண்டு’ என்ற சொல்லை மட்டும் காண்பதரிது. ஆங்கிலத் தோட்டத் துரைமார் மொழிபெயர்க்காமலே தம் மொழியில் வழங்கிய தமிழ்ச் சொற்களுள் கங்காணியும் துண்டும் தலையாயவை. தொழிற் சட்டம் மாறும்போது வேலைகொள்வோர் எவ்வாறு மாறுகின்றனர் என்பதை ஆராய விரும்புவோர் இத்துண்டிலிருந்து தொடங்குதல் தகும்.

துண்டு என்பது ஒரு கடதாசி நறுக்கு. இக்கங்காணியின் ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவருக்கு இவர்களை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்ற கருத்துப்படத் தோட்டத் துரை எழுதிக் கொடுப்பது. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவான். ஆள் தட்டுப்பாடு மிகுந்த காலத்தில் அடுத்த துரை அக்கடனைத் தீர்ப்பதோடு மேலும் முற்பணம் கொடுத்து ஆட்களை இழுத்துக்கொள்வான். அதன் பின் எழுதப்படும் துண்டில் தொகை ஏறியிருக்கும். இவ்வாறு கைமாறுந்தோறும் கடன் வளர்ந்தது. கடனாளி என்று பெயர் பெற்றவனோ அப்பணத்தின் பெரும்பகுதியைக் கண்ணாலும் கண்டதில்லை.

இம்முறைக்கு முண்டுகொடுத்து நின்றது சட்டமே. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளியானான். அவனைச் சிறைக்கும் அனுப்பலாம். வேலைகொள்வோர் அரசின் சட்டத்தை வெறுப்பவர்கள், சட்டத் தலையீடு அற்ற சுதந்திரத்தையே வேண்டுபவர்கள் என்று இன்று பரவலாகக் கூறப்படுகிறது. நம் நாட்டு வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. வேலைகொள்வோர் அஞ்சியது தம்மைக் கட்டும் சட்டத்துக்கே; தொழிலாளியைக் கட்டிய சட்டத்தை அவர்கள் வரவேற்றனர். மாணவர் மனங்கொள்ள வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. இந்நாட்டுத் தோட்டங்களில் முதலிற் சங்கம் அமைத்தவர்கள் தொழிலாளரல்லர். தோட்டத் துரைமார் சங்கம் 1854இல் கண்டியில் அமைந்தது. கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் கண்டது 1931இல். இடையே எழுபத்தேழு ஆண்டுகள்.

துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆட்சியாளரின் இரக்கம் மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. ஏறிக்கொண்டே போன முற்பணம் துரைமாரையே நெருக்கியது. அதனினும் மேலாக, கடலுக்கு அப்பாலிருந்து இந்திய அரசாங்கத்தின் நெருக்குதல் இருந்தது. 1922இல் இந்தியாவில் நிறைவேறிய குடியகல்வுச் சட்டத்தின் பின், அங்கிருந்து ஆள் திரட்ட வேண்டுமாயின் இங்குள்ள நிலைமையைச் சீர்செய்தாக வேண்டியிருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் எனப் பெயரிடப்பட்டே பிறந்ததற்குக் காரணம் இதுதான்.

இனி, துரைமார் செய்தது யாது? துண்டு போயிற்று, சீட்டு போகவில்லை. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற் சேரப் பற்றுச்சீட்டு வேண்டும் என்ற வழக்கம் நிலைத்தது. அச்சீட்டைக் கொடுப்பதும் மறுப்பதும் துரையின் கையில். குறைந்தபட்ச வேதனமோ, தேயிலை விலை வீழ்ந்த 1930களின் தொடக்கத்தில், சட்டத்தின் அனுமதியோடே படிப்படியாக இறக்கப்பட்டது. ஆண், பெண், சிறுவர் என்ற வேதன வேற்றுமையும் அச்சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது 1984இல்தான்.

நகரத்தில் நிகழ்ச்சிகள் வேறு வகையாக நடந்தன. 1929இன் கொழும்பு டிராம் வண்டி வேலைநிறுத்தம், மருதானைத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலி கொண்டது. அதே ஆண்டில் முதலாளிமார் சம்மேளனம் உருவாகி, ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கையும் செய்துகொண்டது. தனித்தனியே தொழிலாளரை நீக்கிப் பழகிய கம்பனிகள், மேசைக்கு எதிரே சங்கம் ஒன்று அமர்ந்திருப்பதை முதன்முறையாக ஒப்புக்கொண்டன. சம்பளச் சபைகளை நிறுவிய 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், 1950இன் தொழிற் பிணக்குச் சட்டம், 1954இன் கடை, காரியாலய ஊழியர் சட்டம், 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் என்பன பின்னர் வந்தவை. இவற்றுள் வேலைகொள்வோரின் அன்றாட நடைமுறையை ஆழமாக மாற்றியது, 1957இல் தொழில் நியாய மன்றுகளைத் தோற்றுவித்த திருத்தமே என்பது என் துணிபு. அதுவரை, முன்னறிவித்தல் கொடுத்து, அல்லது அதற்குரிய சம்பளத்தைக் கொடுத்து ஒருவனை நீக்கினால் காரியம் முடிந்தது. மன்று வந்த பின், எழுத்திலுள்ள ஒப்பந்தத்தையும் கடந்து நீதியும் ஒப்புரவுமான கட்டளையைப் பிறப்பிக்க அதற்கு அதிகாரம் உண்டாயிற்று. நீக்கியவனை மீண்டும் சேர்க்கும்படி பணிக்கவும் அதனால் முடிந்தது. ஆகவே ஊழியனுக்குத் தனிக் கோவை திறக்கப்பட்டது. குற்றச்சாட்டுக் கடிதம், உள்ளக விசாரணை, சாட்சி என்பன காரியாலயத்துள் நுழைந்தன. முதலாளி காரணம் சொல்லக் கற்றுக்கொண்டார். நாகரிக வளர்ச்சி என இதனைக் கொள்வதில் தவறில்லை.

1971இன் 45ஆம் இலக்கச் சட்டம் மேலும் ஓரடி சென்றது. ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக ஊழியனை நிறுத்துவதாயின் அவனது எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இன்றேல் தொழில் ஆணையாளரின் முன்னனுமதி வேண்டும். வேலையில்லாத் திண்டாட்டம் நாட்டை உலுக்கிய ஆண்டு அது. இளைஞர் கிளர்ச்சி சித்திரையில் வெடித்து அடக்கப்பட்டிருந்தது. சட்டத்தின் நோக்கத்தைக் குறைகூற நான் முன்வரேன். ஆயினும், வேலையிழந்தோருக்கு உதவிப்பணம் வழங்கும் திட்டம் எதனையும் அரசு அதனோடு நிறுவவில்லை. சமுதாயம் முழுவதும் தாங்கவேண்டிய சுமையைத் தொழிற்றலத்தின் வாசலிலே இறக்கி வைத்தது என்று சிறு முதலாளி முறையிட்டால், அம்முறைப்பாட்டில் உண்மை இல்லாமலில்லை.

இச்சட்டத்தில் ஓர் எண் உண்டு. பதினைந்து பேருக்குக் குறைவாக வேலைகொள்வோரை அது தீண்டாது. 1983இல் வந்த பணிக்கொடைச் சட்டமும் அதே எண்ணையே எல்லையாகக் கொண்டது. பதினைந்தாம் ஆளைச் சேர்த்தால் இரண்டு சட்டங்கள் சேர்ந்தே வந்து நிற்கும்! ஊழியர் சேமலாப நிதியின் பதிவுகளை ஆராய்ந்த பொருளியலாளர், சுதந்திர வர்த்தக வலயங்களுக்கு வெளியேயுள்ள சிறு நிறுவனங்கள் இவ்வெல்லையை அணுகியதும் ஆள் சேர்க்கத் தயங்குவதைக் கண்டுள்ளனர். அச்சகமோ அரிசி ஆலையோ பதினான்கில் நின்றுவிடுகிறது. பெரிய நிறுவனத்துக்கு வேறு வழி உண்டு. காவலாளி, துப்புரவாளர், பொதி சுமப்போர் ஆகியோரை ‘மேன்பவர்’ தரகரிடமிருந்து பெற்றுக்கொள்வது அது. ஆட்கள் வேலைசெய்வது தொழிற்சாலைக்குள். பெயர் இருப்பது தரகரின் இடாப்பில். நீக்கவேண்டுமாயின் தரகருக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். ஆணையாளரின் அனுமதி பற்றிய பேச்சே எழாது.

2003இன் திருத்தமும் 2005இன் வர்த்தமானியும் நட்டஈட்டுக்குச் சூத்திரம் வகுத்தன: சேவையின் முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், எவ்வாறாயினும் நாற்பத்தெட்டு மாதத்துக்கு மேற்படாமல். நீக்கத்தின் விலை இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்ததில் முதலாளிமாருக்கு ஓரளவு ஆறுதல். ஆனால் தரகரின் இடாப்பிலுள்ளவனுக்கு, தன் முதலாளி யார் என்று நிறுவிய பின்னரே அச்சூத்திரம் பயன்படும்.

கங்காணி திரும்பி வந்துவிட்டான் என்று இதனைக் கூறினால் சிலர் மிகையென்பர். கங்காணி தன் ஆட்களோடு லயத்திலே வாழ்ந்தவன், அவர்களின் சாவுக்கும் வாழ்வுக்கும் உடனிருந்தவன். இன்றைய தரகருக்கு அந்த உறவும் இல்லை. ஆனால் பணியில் இருவரும் ஒன்றே. வேலை வாங்குபவருக்கும் வேலை செய்பவருக்கும் நடுவே நின்று, பொறுப்பு முன்னவரைச் சென்றடையாதபடி மறைப்பது அப்பணி.

மலைநாட்டில் இன்று நடப்பதையும் இதனோடு சேர்த்தே நோக்கவேண்டும். 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் முகாமை 1992இல் கம்பனிகளிடம் சென்றது. நாட்சம்பளம் நெடுங்காலம் முதலாளிமார் சம்மேளனமும் சங்கங்களும் செய்த கூட்டு ஒப்பந்தத்தால் முடிவாயிற்று. 2021 பங்குனியில் சம்பளச் சபை ஆயிரம் ரூபாவை விதித்தபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தமும் கைவிடப்பட்டது. நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டதென்ற முறைப்பாடு தோட்டந்தோறும் எழுந்தது. 2024இல் ஆயிரத்து எழுநூறு ரூபா என வர்த்தமானி கூற, மீண்டும் வழக்கு. அவ்வாண்டு புரட்டாதியில் ஆயிரத்து முந்நூற்றைம்பது என முடிந்தது.

இதற்கிடையிலே கம்பனிகள் விரும்பி முன்வைக்கும் திட்டம் ஒன்றுண்டு. தேயிலைச் செடிகளின் ஒரு பகுதியைத் தொழிலாளிக் குடும்பத்திடம் ஒப்படைத்து, கொழுந்தைக் கிலோ விலைக்குக் கொள்வது. பசளையும் மருந்தும் கம்பனி கொடுத்து, அதன் செலவைக் கணக்கிற் கழித்துக்கொள்வது. உழைத்தால் கூடுதலாகப் பெறலாம் என்ற நம்பிக்கை சிலரிடம் உண்டு. அது வீணென்று ஒதுக்குவதற்கில்லை. ஆயினும் அக்கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் மாணவன் ஒருவன் கேட்கவேண்டிய கேள்விகள் உள. கொழுந்து பறிக்கும் அப்பெண் தொழிலாளியா, கொழுந்து விற்பவளா? விற்பவளாயின் சம்பளச் சபையின் தீர்மானம் அவளுக்கு எவ்வாறு எட்டும்? மழையோ வரட்சியோ வந்து கொழுந்து குறைந்த மாதத்தில், பசளைக்காக அவள் பெயரில் எழுதப்பட்ட முற்பணம் அடுத்த மாதத்துக்குச் செல்லுமா?