காட்டேரி யாருக்குச் சொந்தம்? ‘வாம்பயர்’ விளையாட்டின் பதிப்பாளர்களும் ஆட்டக்காரர்களும், 1991–2025

2018 நவம்பரில், ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பாரடாக்ஸ் இன்டராக்டிவ் தன் துணை நிறுவனம் ஒன்றை ஏறக்குறையக் கலைத்தது. ஒயிட் உல்ஃப் இனித் தனித்து இயங்காது, அதன் நூல்களை வேறு பதிப்பாளர்கள் உரிமம் பெற்றுத் தயாரிப்பார்கள், புதிதாக வெளிவந்துகொண்டிருந்த இரண்டு துணைநூல்களின் விற்பனை நிறுத்திவைக்கப்படுகிறது என்றது அறிவிப்பு. ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ என்னும் பாத்திரமேற்பு விளையாட்டின் ஒரு துணைநூலில் இருந்த சில பக்கங்கள் கிளப்பிய எதிர்ப்புதான் இதற்கு உடனடிக் காரணம்.

வாங்குபவர்களின் கோபம் ஒரு பதிப்பகத்தையே இல்லாமல் செய்வது புத்தக உலகில் அரிது. அந்த ஓராண்டின் நிகழ்வுகளை மட்டும் வைத்து அதை விளக்கிவிட முடியாது. நிறுவனம் வெளியிட்ட நூல்கள், உரிமக் கொள்கைகள், பொது அறிவிப்புகள் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்தப் பிணக்கு 1991இல் முதல் நூல் வெளிவந்தபோதே தொடங்கிவிட்டது என்பது தெரிகிறது. கதை உங்களுடையது என்று பதிப்பாளர் அன்று ஆட்டக்காரர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். பின்னால் வந்த சச்சரவுகளில் பெரும்பாலானவை அந்த வாக்கு எதுவரை செல்லும் என்பதைப் பற்றியவை.

கேரி நகரத்து இரவு

1987இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மார்க் ரெய்ன்-ஹேகனும் ஜொனாதன் ட்வீட்டும் லயன் ராம்பன்ட் என்ற சிறு பதிப்பகத்தை நடத்தினார்கள். ‘ஆர்ஸ் மாஜிக்கா’ அவர்கள் வெளியிட்ட விளையாட்டு. அதற்கு ஓராண்டு முன்பே ஸ்டூவர்ட் வீக், ஸ்டீவ் வீக் என்ற சகோதரர்கள் பள்ளிப் பருவத்திலேயே ஒரு விளையாட்டு இதழைத் தொடங்கியிருந்தார்கள். இதழும் பதிப்பகமும் இணைந்து ஒயிட் உல்ஃப் உருவானது. விளையாட்டு மாநாடு ஒன்றுக்குப் போகும் வழியில், எஃகு ஆலைகள் மூடிக் களையிழந்து கிடந்த இண்டியானாவின் கேரி நகரத்தைக் கடந்தபோது வாம்பயர் பற்றிய எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். அந்தக் கதை எவ்வளவு மெருகேற்றப்பட்டதோ தெரியாது, ஆனால் முதல் நூலின் மாதிரிக் கதை கேரியில்தான் நடக்கிறது.

அதுவரை பாத்திரமேற்பு விளையாட்டு என்றாலே ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான். நிலவறைக்குள் இறங்கு, அரக்கனைக் கொல், புதையலை எடு. வாம்பயரில் அரக்கனே நீங்கள்தான். ரத்தம் குடித்தாக வேண்டும். குடிக்கக் குடிக்க மனிதத்தன்மை தேயும். அதை அளக்க ஒரு மதிப்பெண் உண்டு, அது பூஜ்யமானால் பாத்திரம் வெறும் மிருகமாகி ஆட்டக்காரரின் கையை விட்டுப் போய்விடும். பத்து முகப் பகடைகளைக் கைநிறைய உருட்டும் எளிய முறை. வென்ட்ரூ, டொரியடோர், பிரூஹா, நோஸ்ஃபெராட்டு, மால்கேவியன், கேங்ரல், ட்ரெமியர் என்று ஏழு குலங்கள். ஆட்டத்தை நடத்துபவரின் பெயர் ‘கதைசொல்லி’. விதிகள் கதைக்கு இடைஞ்சலானால் அவற்றைத் தூக்கிப் போடலாம் என்று விதிநூலே அனுமதித்தது.

கருப்பு உடையும் சோக இசையுமாக இருந்த கோத் இளைஞர்களும், அதுவரை இத்தகைய மேசைகளில் அரிதாகவே அமர்ந்த பெண்களும் இதற்குள் வந்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஒயிட் உல்ஃப் அமெரிக்காவின் முன்னணிப் பாத்திரமேற்புப் பதிப்பகங்களில் ஒன்றாகிவிட்டது.

மையக்கதை என்னும் சங்கடம்

விதிநூலை ஒருமுறை வாங்கினால் போதும், ஆண்டுக்கணக்கில் ஆடலாம். பதிப்பகமோ மாதந்தோறும் எதையாவது விற்றாக வேண்டும். ஒயிட் உல்ஃப் கண்டுபிடித்த வழி மையக்கதை. குலத்துக்கொரு நூல், நகரத்துக்கொரு நூல் என்று வந்த வரிசையில், விளையாட்டின் உலகமே ஒரு தொடர்கதைபோல நகர்ந்தது. இளவரசர்கள் வீழ்ந்தார்கள், கூட்டணிகள் உடைந்தன. 1999இல் ராவ்னோஸ் குலத்தின் ஆதி மூதாதை வங்காளதேசத்தில் விழித்தெழ, சில இரவுகளில் அந்தக் குலமே ஏறக்குறைய அழிந்தது.

இதைப் பற்றி ஆட்டக்காரர்களிடையே ஒரே கருத்து இருந்ததில்லை. பலர் நூல்களை ஆடாமலே நாவல்போல் படித்தார்கள். விற்பனையைத் தாங்கியதில் அவர்கள் பங்கு பெரிது. ஆனால் தன் மேசையில் ராவ்னோஸ் பாத்திரத்தை மூன்றாண்டுகள் வளர்த்த ஒருவருக்கு அந்த நூல் என்ன சொல்லிற்று? கதைசொல்லி அதை ஒதுக்கலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் அடுத்து வரும் ஒவ்வொரு நூலும் அந்த அழிவை நடந்ததாகவே வைத்துப் பேசும். ஒதுக்க ஒதுக்க, வாங்கும் நூல்கள் பயனற்றவையாகிக்கொண்டே போகும். கதை உங்களுடையது என்ற வாக்கு எழுத்தில் அப்படியே இருந்தது. வாங்கும் பழக்கத்தில் அது கரைந்தது. என் பார்வையில், பின்னால் வந்த உரிமச் சண்டைகளைவிட இந்த மெதுவான கரைதல்தான் முக்கியமானது. வழக்கும் அறிவிப்பும் இல்லாததால் இதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

2004இல் நிறுவனம் அந்தத் தொடர்கதையை ஒரேயடியாக முடித்தது. ‘கெஹென்னா’ என்ற நூலில் உலகத்துக்கே இறுதி வந்தது. அதே ஆண்டு ‘வாம்பயர்: தி ரெக்வியம்’ புதிய குலங்களோடும் புதிய உலகத்தோடும் வெளியானது. விதிகளின் வார்ப்பில் அது முன்னதைவிடச் செம்மையானது என்பதைப் பழைய ரசிகர்கள் பலரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் பதின்மூன்று ஆண்டுக் கதையை விட்டுவரப் பலர் மறுத்துவிட்டார்கள். நூல் நிறுத்தப்பட்ட பிறகும் மாஸ்கரேட் மேசைகள் ஓய்வதாக இல்லை.

2005: கூடத்து வாடகையும் உரிமமும்

வாம்பயர் மேசையோடு நிற்கவில்லை. 1993இல் வந்த ‘மைண்ட்ஸ் ஐ தியேட்டர்’ விதிகள் அதை நடமாடும் ஆட்டமாக மாற்றின. பகடைக்குப் பதில் கல்–காகிதம்–கத்தரி. மேசைக்குப் பதில் வாடகைக் கூடம். உடையணிந்த நாற்பது ஐம்பது பேர் நின்று பேசி, சதி செய்து, காட்டிக்கொடுத்து இரவைக் கழிப்பார்கள். இத்தகைய ஆட்டங்களை ஊர்களுக்கிடையே இணைத்தது ‘தி கமரில்லா’ என்ற ரசிகர் மன்றம். தொடக்கத்தில் தன்னிச்சையாக இயங்கிய அந்த மன்றத்தின் கட்டுப்பாடு பின்னர் ஒயிட் உல்ஃபின் கைக்குப் போனது. இன்னும் பிற்காலத்தில் மறுபடியும் உறுப்பினர்களிடமே திரும்பி ‘மைண்ட்ஸ் ஐ சொசைட்டி’ ஆயிற்று.

2005 கோடையில் நிறுவனம் ஒரு கொள்கையை அறிவித்தது. தன் விளையாட்டைப் பணம் வாங்கிக்கொண்டு நடத்துவோர் தன் மன்றத்தின் வழியாக உறுப்பினராகி உரிமம் பெற வேண்டும் என்பது அதன் சாரம். பார்வைக்கு நியாயம்தான்: என் பொருளை வைத்து நீ காசு பார்த்தால் எனக்கும் ஒரு பங்கு. ஆனால் அந்தக் கூடங்களில் யாரும் காசு பார்க்கவில்லை. வாசலில் வாங்கிய சில டாலர்கள் கூடத்து வாடகைக்கும் தின்பண்டத்துக்குமே போதாது. தங்கள் செலவில் தங்கள் ஊரில் பதிப்பாளருக்குப் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்த்துத் தந்தவர்கள், அதற்கு அனுமதிச் சீட்டு வாங்கச் சொன்னதும் கொதித்தார்கள். சட்டக் கேள்வியையும் எழுப்பினார்கள்: நூலைப் படியெடுப்பதற்குப் பதிப்புரிமை குறுக்கே வரும், நூலை வைத்து ஆடுவதற்கும் வருமா? நீதிமன்றம்வரை போக அவசியம் நேரவில்லை. குறுகிய காலத்திலேயே நிறுவனம் கொள்கையைத் திரும்பப் பெற்றது.

2023 ஜனவரியில் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் திறந்த உரிமத்தை மாற்ற முயன்று அதே மாதத்தில் பின்வாங்கியபோது, பலர் அதை முன்னெப்போதும் நடக்காத ஒன்றாக எழுதினார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே சிறிய அளவில் அதன் ஒத்திகை நடந்துவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தன் உரிமையைக் காக்க ஒயிட் உல்ஃப் பெரிய நிறுவனத்தை எதிர்த்தபோது அதே ஆட்டக்காரர்கள் அதன் பின்னால் நின்றார்கள். 2003இல் ‘அண்டர்வேர்ல்ட்’ திரைப்படம் தன் உலகத்தையும், எழுத்தாளர் நான்சி காலின்ஸின் கதையையும் ஒத்திருப்பதாக நிறுவனமும் அவரும் சோனி பிக்சர்ஸ் மீது வழக்குத் தொடுத்தார்கள். அது வெளியே சொல்லப்படாத சமரசத்தில் முடிந்தது. பதிப்புரிமை என்பதே ரசிகர்களுக்கு ஆகாது என்று இந்த வரலாற்றைப் படிப்பது தவறு. அதன் முனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

2006இல் ஒயிட் உல்ஃபை ஐஸ்லாந்தின் சிசிபி கேம்ஸ் வாங்கியது. எண்ணற்றோர் ஒரே நேரத்தில் ஆடும் இணைய வாம்பயர் உலகம் வரப்போகிறது என்ற பேச்சு எட்டாண்டுகள் நீடித்து, 2014 ஏப்ரலில் திட்டம் கைவிடப்பட்டு, அட்லாண்டாவில் 56 பேர் வேலையிழந்ததில் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் அச்சு நூல்கள் ஏறக்குறைய அநாதையாயின. 2011இல் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டை ஒட்டி வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பும், மறு ஆண்டு ரிச்சர்ட் தாமஸ் தொடங்கிய ஆனிக்ஸ் பாத் பதிப்பகமும், முன்பணம் திரட்டி நூல் வெளியிடும் முறையுமே விளையாட்டைக் காப்பாற்றின. இந்த முறையில் நூல் அச்சாகுமா என்பதை ஆட்டக்காரரின் பணம் முன்கூட்டியே தீர்மானித்தது. நூலின் வரைவுகளும் அவர்கள் பார்வைக்கு வந்தன. பாரடாக்ஸ் 2015 அக்டோபரில் ஒயிட் உல்ஃபை வாங்கியபோது அதன் கைக்கு வந்தவர்கள் இப்படிப் பழகிய ஆட்டக்காரர்கள்.

செச்சென்யா

வாம்பயர் உலகத்தின் அடிப்படைக் கற்பனையிலேயே ஓர் ஆபத்து உண்டு. வரலாற்றுக்குப் பின்னால் காட்டேரிகள் இருந்து இயக்குகின்றன என்றால், எந்த வரலாறு? ரோமா மக்களைப் பற்றி 1994இல் ஒயிட் உல்ஃப் வெளியிட்ட துணைநூல், அவர்கள் ரத்தத்திலேயே மாயம் ஓடுவதாகக் காட்டி, ஐரோப்பா காலங்காலமாக அவர்கள்மேல் பூசிய சாயத்தையே மறுபடி பூசியது. ரோமா மக்களின் சாயலில் அமைந்த ராவ்னோஸ் குலத்தின் குற்றப் பழக்கம் என்ற ‘பலவீனம்’ அதே மனப்போக்கின் விளைவு. அன்று முணுமுணுப்பு இருந்தது. நிறுவனத்தை அசைக்கும் அளவுக்கு இல்லை.

அதே நிறுவனம் 1997இல் யூத இனப்படுகொலையைக் களமாகக் கொண்டு ‘ரைத்’ என்ற தன் இன்னொரு விளையாட்டுக்கு ஒரு நூல் வெளியிட்டது. வயதுவந்தோருக்கான பிளாக் டாக் முத்திரையில் வந்த அந்த நூல், இறந்தவர்களின் ஆவிகளைப் பற்றிப் பேசியும், கொன்றவர்களின் குற்றத்தை அமானுஷ்ய சக்திகளின் தலையில் கட்டவில்லை. செய்தவர்கள் மனிதர்களே என்பதை அது விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் பொருளையே தொட்டிருக்கக் கூடாது என்றவர்களும் உண்டு. ஆனால் கையாண்ட விதத்துக்கு மரியாதை கிடைத்தது.

2018இல் அந்தப் பாடம் மறந்துபோயிருந்தது. கென்னத் ஹைட் தலைமையில் உருவான வாம்பயரின் ஐந்தாம் பதிப்பு, வெளிவரும் முன்பே சந்தேகத்தைக் கிளப்பியிருந்தது. முன்னோட்ட வரைவில் ஓர் இடத்தில் பகடை எண்கள் நவநாஜிகளின் அடையாள எண்ணாக அமைந்திருந்தன. தற்செயல் என்றது நிறுவனம். பலருக்குத் திருப்தியில்லை. அடுத்து வந்த ‘கமரில்லா’ துணைநூலில் செச்சென்யா பற்றிய பகுதி. அங்கே ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டுச் சித்திரவதை செய்யப்படுவதை 2017இல்தான் ரஷ்யப் பத்திரிகையான நோவயா கஸெட்டா வெளிக்கொணர்ந்திருந்தது. அந்தக் கொடுமையை, ஆளும் காட்டேரிகள் தங்களிடமிருந்து உலகின் கவனத்தைத் திருப்பக் கிளப்பிவிட்ட புகைமூட்டம் என்று நூல் எழுதியது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், முற்றிலும் வேறு காரணத்துக்காகச் செச்சென் அரசு தரப்பும் கண்டித்தது. தப்பிவந்தவர்கள் உயிரோடு இருக்கும் ஒரு குற்றத்துக்குக் கற்பனைக் குற்றவாளியைக் காட்டினால் உண்மைக் குற்றவாளி தப்பிக்கிறான் என்பதே ஆட்டக்காரர்கள் சொன்னதன் சாரம். பாரடாக்ஸ் அந்தப் பகுதியை நீக்கியது. தொடக்கத்தில் சொன்ன அறிவிப்பு வந்தது.

இங்கே பிணக்கின் திசை மாறுகிறது. 2005இல் அவர்கள் கேட்டது: எங்கள் மேசைக்குள் கை நீட்டாதே. 2018இல் கேட்டது: நீ எழுதியதற்குப் பதில் சொல். இரண்டும் முரண் என்று நிறுவனத்தின் ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். பிடிக்காத பக்கத்தைக் கதைசொல்லி ஒதுக்கிவிடலாமே என்றார்கள். இந்த வாதம் நிற்காது. விதியை ஒதுக்கும் சுதந்திரம் நூலை வாங்கியவருக்குத் தரப்பட்டது, எழுதியவரின் பொறுப்பைக் கழித்துவிடுவதற்காகத் தரப்பட்டதல்ல. பின்னர் அந்த நூல்வரிசையே மெல்லத் திருத்தப்பட்டது: திரும்பி வந்த ராவ்னோஸ் குலத்தின் பலவீனம் இப்போது ஒரே இடத்தில் தொடர்ந்து உறங்க முடியாமை, அசமைட் என்ற இன்னொரு குலத்தின் பெயர் பானு ஹக்கீம் ஆயிற்று.

கணினித் திரையில்

2004 நவம்பரில், ‘ஹாஃப்-லைஃப் 2’ வெளியான அதே நாளில், ட்ராய்கா கேம்ஸின் ‘பிளட்லைன்ஸ்’ என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது. அவசரமாகச் சந்தைக்குத் தள்ளப்பட்ட அதில் பிழைகள் மலிந்திருந்தன. சில மாதங்களில் ட்ராய்கா மூடப்பட்டது. அதன்பின் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு ரசிகர் பிழைகளைத் திருத்தி, கோப்புகளுக்குள் அரைகுறையாகக் கிடந்த பகுதிகளைக்கூட மீட்டு, ஊதியமில்லாமல் ஆண்டுக்கணக்கில் புதிய திருத்தங்களை வெளியிட்டார். இன்று அந்த விளையாட்டைச் செவ்வியல் படைப்பு என்று புகழ்பவர்களில் பெரும்பாலோர் ஆடியது அவர் செப்பனிட்ட வடிவத்தைத்தான்.

அதன் இரண்டாம் பாகத்தை பாரடாக்ஸ் 2019இல் அறிவித்தது. முதல் பாகத்தின் கதையாசிரியர் பிரையன் மிட்சோடா 2020இல் நீக்கப்பட்டார். 2021இல் அதை உருவாக்கிவந்த ஹார்ட்சூட் லேப்ஸ் நிறுவனமே விலக்கப்பட்டது. தி சைனீஸ் ரூம் என்ற நிறுவனம் பணியை முடிக்க, 2025 அக்டோபரில் விளையாட்டு வெளியானது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, லசோம்பிரா, டொரியடோர் ஆகிய இரண்டு குலங்களும் கூடுதல் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டுமே என்று நிறுவனம் சொல்லியிருந்தது. டொரியடோர் 1991இன் ஏழு குலங்களில் ஒன்று. முன்பதிவு செய்தவர்களின் எதிர்ப்பில், வெளியீட்டுக்கு முன்பே அவ்விரண்டும் அடிப்படைப் பதிப்பில் சேர்க்கப்பட்டன.

2005இன் பின்வாங்கலோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஒரு வேறுபாடு அந்த ஒப்பீட்டை முறிக்கிறது. அன்று நிறுவனம் பிடிவாதமாக இருந்திருந்தாலும் கூடங்களில் ஆட்டம் நடந்திருக்கும். நூல் ஏற்கெனவே அலமாரியில் இருந்தது, அதைப் பூட்ட யாராலும் முடியாது. கணினி விளையாட்டில் பூட்டிய குலத்தை எந்தக் கதைசொல்லியும் தன் விருப்பப்படி திறந்துவிட முடியாது. 1991இன் வாக்கு அங்கே ஒருபோதும் கொடுக்கப்படவே இல்லை. ஆனாலும் ஆட்டக்காரர்கள் அதைக் கொடுத்ததாகவே வைத்துக் கேட்டார்கள். இந்த முறை கிடைத்தது. ட்ராய்காவின் கோப்புகளைப் போல, ரசிகர் ஒருவர் உள்ளே இறங்கித் திருத்தும்படி அடுத்த விளையாட்டின் கோப்புகளும் திறந்திருக்குமா என்பதை இப்போது பதிப்பாளரே தீர்மானிக்கிறார்.