தோட்டப்புறத்தில் ‘மருந்து’ எனப்பட்ட நஞ்சு

தோட்டப்புறத்தார் களைக்கொல்லியை ‘மருந்து’ என்றே வழங்கி வந்தனர். ‘மருந்தடிக்கப் போயிருக்கிறாள்’ என்றால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. கொல்லும் பொருளொன்று காக்கும் பொருளின் பெயரைப் பெற்றதனால் விளைந்த கேடு சிறிதன்று.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் லாலாங் புல்லை அழிக்க முற்காலத்தில் சோடியம் ஆர்சனைட்டு தெளிக்கப்பட்டது. வெள்ளைப் பாடாணத்திலிருந்து செய்யப்படும் அது விலையில் மலிவு; நஞ்சிலோ கொடிது. மேனியிற் பட்டால் புண்ணாக்கும். அது படிந்த புல்லை மேயும் மாட்டையும் கொல்லும்.

1962ஆம் ஆண்டில் பாரக்குவாட் விற்பனைக்கு வந்தது. அது பச்சை இலையைக் கருக்கும். முதிர்ந்த மரப்பட்டைக்கு ஊறு செய்யாது. மண்ணோடு பிணைந்து செயலடங்கும். ஆகவே, பாடாணத்திற்கேற்ற மாற்றென்று தோட்டங்கள் அதனை வரவேற்றன. பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களிலும் அது பரவிற்று. ஆனால் மண்ணில் அடங்கும் அந்நஞ்சு மனித உடலில் அடங்குவதில்லை. உட்சென்றால் நுரையீரலைப் பற்றி, மூச்சுவிட இயலாதபடி இறுகச் செய்யும். அதனை முறிக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

இதனைத் தெளித்தவருள் பெரும்பாலோர் பெண்கள். செறிந்த நஞ்சை நீரிற் கலப்பதும், நிறைத்த கலத்தை முதுகிற் சுமப்பதும் அவர்கள் வேலை. கலம் ஒழுகினால் முதுகு நனையும். காற்று திரும்பினால் முகம் நனையும். நகம் நிறம் மாறி உதிர்தல், மூக்கில் இரத்தம் வடிதல், கண்ணெரிச்சல், தோற்புண் ஆகியவை இந்நஞ்சு உடலிற் படுவதன் அறிகுறிகள். கையுறையும் முகமூடியும் அணிக என்பது விதி. வெப்பமிக்க இந்நாட்டில் அவற்றை நாள் முழுவதும் அணிந்து உழைப்பது எளிதன்று என்பதை விதி எண்ணிப் பார்க்கவில்லை.

1974ஆம் ஆண்டிலேயே பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், பெண் தொழிலாளரின் துன்பத்தைத் தெனாகானித்தா முதலிய அமைப்புகள் ஆய்ந்து வெளியிட்ட 2002ஆம் ஆண்டிலேதான் பாரக்குவாட்டைத் தடைசெய்யும் முடிவை அரசு அறிவித்தது. செலவு குறைந்த வேறு வழியில்லை என்று தோட்டத்துறை வாதிட்டது. 2006ஆம் ஆண்டில் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 சனவரி முதல் நாளன்றே நடப்புக்கு வந்தது. அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே கழிந்தவை பதினேழு ஆண்டுகளுக்கும் மேல். செலவு தோட்டக் கணக்கில் ஏறிற்று. நோயோ எவர் கணக்கிலும் ஏறவில்லை.

இன்று தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுதி, களைக்கொல்லிகளும் வேறு. ஒரு நஞ்சின் கொடுமை கண்டு மற்றொன்றை நம்பிய பழைய வரலாறு மீளாதிருக்க வேண்டுமாயின், முதலில் பெயர் திருந்த வேண்டும். நஞ்சை நஞ்சென்றே மாணவர்க்குச் சொல்லிக் கொடுப்பது தமிழாசிரியரின் கடன்.