கோட்டையின் திறவுகோல்

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து வடக்கே சென்றால், ரஞ்சன்குடிக் கோட்டை நம் கண்ணில் படும். அகழி, படிப்படியாக உயரும் மூன்று மதில்கள், கீழே பேட்டை, உச்சியில் கோட்டைமேடு என அமைந்த இக்கோட்டையைப் பதினேழாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் கட்டினார் என்பர். கல்லின் உறுதியை வியந்து திரும்புவோர் பலர். அக்கல்லுக்குள் ஓர் அலுவலர் பட்ட தடுமாற்றத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

1749-ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அதன்பின் ஆர்க்காட்டு ஆட்சிக்கு இருவர் உரிமை கொண்டாடினர். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும், முகமது அலிக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். 1751-இல் இரு தரப்புப் படைகளும் இக்கோட்டையருகே வந்து பாளையம் இறங்கின. வாலிகண்டபுரம் போர் என்று வரலாறு குறிப்பது இதனையே. கோட்டையை ஒப்படைக்குமாறு இரு தரப்பாரும் கோட்டைத் தலைவரை வேண்டினர். அவரோ எவருக்கும் இசையாமலும் எவரையும் மறுக்காமலும் நாள் கடத்தினார். பொறுமையிழந்த ஆங்கிலேயப் படை பேட்டைக்குள் புகுந்தது, கோட்டையோ வசப்படவில்லை. தாக்குண்ட தலைவர் பிரெஞ்சுக்காரரின் உதவியை நாடினார். ஆங்கிலேயர் நிலைகுலைந்து திருச்சியை நோக்கிப் பின்வாங்கினர்.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. 1752-இல் கிளைவின் படைக்கு ஆற்றாது அதே கோட்டையில் தஞ்சம் புக முயன்ற பிரெஞ்சுத் தளபதி தோத்தேய்க்குக் கதவு திறக்கப்படவில்லை. அவர் அங்கேயே சரணடைந்தார்.

நிலையற்ற மனத்தினர் என்று அக்கோட்டைத் தலைவரைப் பழிப்பது எளிது. ஆனால் அவர் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போமாக. ஆணையிட வேண்டியவர் மடிந்துவிட்டார். மேலிடமே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. எவருக்குக் கீழ்ப்படிவது? தம் காவலிலுள்ள எளிய மக்களுக்கு முதலில் செய்ய வேண்டியது யாது? மதில்களை இவ்வளவு திட்டமிட்டுக் கட்டியவர்கள், தலைமை இல்லாத நாளுக்கென ஒரு முறையை வகுத்து வைக்கவில்லை. அந்தக் குறைக்கு விலை கொடுத்தது, போர்க்களமாகிப்போன பேட்டையே.

இடர் என்பது போர் மட்டுமன்று. இதே வட்டாரத்தில், 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தால் பாலம் சிதைந்து இரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நிகழ்ந்தபின் பொறுப்பேற்பது பெருந்தன்மை. ஆயினும் நிகழுமுன்னரே பொறுப்புகளைப் பகிர்ந்து வைப்பது இன்னும் பல உயிர்களைக் காக்கும்.

2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், 2005-இல் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம் இவ்வழியில் நடக்க முயல்கிறது. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகவும், தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஊராட்சித் தலைவரை இணைத் தலைவராகவும் அது அமர்த்துகிறது. மாவட்டத்திற்கென ஒரு திட்டம் எழுதப்பட்டு, ஆண்டுதோறும் சீராய்வு செய்யப்பட வேண்டும் என்கிறது. மேலதிகாரியின் எழுத்து வழி இசைவோ தக்க காரணமோ இன்றிக் கடமையைக் கைவிடும் அலுவலருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

நம் திருச்சபையும் இதனை அறியும். பங்குத்தந்தை இறந்தாலோ, பணியாற்ற இயலாது போனாலோ, புதிய ஏற்பாடு வரும்வரை உதவிப் பங்குத்தந்தை பொறுப்பை உடனே ஏற்க வேண்டும் எனத் திருச்சபைச் சட்டத்தின் 541-ஆம் பிரிவு பணிக்கிறது. ஒரு நாளேனும் மந்தை ஆயனின்றி நிற்கலாகாது என்னும் அக்கறையே அதன் உயிர்.

சட்டம் ஓநாயைக் கண்டு ஓடுபவரைத் தண்டிக்கலாம். நல்லாயனின் நெஞ்சை அது தர இயலாது. நம் பங்குகளில் கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சி உறுப்பினர்களும், ஆசிரியர்களும் இருக்கின்றனர். மழைக்காலம் வருமுன் அவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும்: நம் ஊரில் தனித்து வாழும் முதியோர் எவர்? தங்குமிடத்தின் திறவுகோல் யாரிடம் உள்ளது? அவர் ஊரில் இல்லையெனில் அடுத்தவர் யார்? விடைகளை ஒரு தாளில் எழுதி, ஊரார் அறிய வைப்பதும் பிறரன்புப் பணியே.