நெல்லைக்கு டூர் போறீங்களா? தாமிரபரணியில் இறங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

விடுமுறை கிடைத்தால் நெல்லை பக்கம் கிளம்புகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் அருவிக் குளியல், மதியம் கோயில், சாயந்தரம் அல்வா. ஆனால் மதியம் போனால் கோயில் நடை சாத்தியிருக்கும். அருவிக்குப் போனால் 'இன்னைக்குக் குளிக்கத் தடை' என்று வழியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாமிரபரணிப் பக்கம் பயணத்தை முடிவு செய்வது மலையில் பெய்யும் மழையும் வனத்துறை அனுமதியும்தான். அதற்கேற்றபடி எப்படித் திட்டமிடுவது? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த மாதம் போகலாம்?

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாக ஓடி புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இந்த ஆற்றுக்குத் தண்ணீர் தருகின்றன.

குற்றால சீசன் பொதுவாக ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை இருக்கும். 2019-ல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகு குற்றாலம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. எனவே அங்கே குளிக்கத் தடை உண்டா என்பதைத் தென்காசி மாவட்ட அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழைக் காலம். கோயில்கள், ஊர் சுற்றல் என்றால் ஜனவரி, பிப்ரவரி வசதி. ஏப்ரல், மே மாதங்களில் நெல்லை வெயில் வாட்டி எடுத்துவிடும்.

எப்படிப் போவது?

சென்னை எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் நெல்லை எக்ஸ்பிரஸ் பலரின் முதல் தேர்வு. 2023 செப்டம்பர் முதல் வந்தே பாரத் ரயிலும் ஓடுகிறது. விமானத்தில் வருபவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையம். பாபநாசம் போக வேண்டும் என்றால் நெல்லையிலிருந்து சுமார் 45 கி.மீ. செங்கோட்டை ரயிலில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம்.

செக்போஸ்ட்டில் என்ன பார்ப்பாங்க?

அகத்தியர் அருவி, காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில், மணிமுத்தாறு அருவி, மாஞ்சோலை எல்லாமே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதியில் வருகின்றன. 1988-ல் அறிவிக்கப்பட்ட இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதனால் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. வனத்துறை செக்போஸ்ட்டில் வண்டியைச் சோதித்துத்தான் அனுப்புவார்கள்.

* மதுபானம், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களைக் கொண்டு போகாதீங்க.
* அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் வேண்டாம்.
* குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீங்க.
* மாஞ்சோலைக்குப் போக வனத்துறையின் முன் அனுமதி தேவை. அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் ரூம் போடாதீங்க.
* ஆடி அமாவாசையை ஒட்டி சொரிமுத்து அய்யனார் கோயிலில் பெருங்கூட்டம் கூடும். அப்போது வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும்.

வெயில் அடிக்கும்போதும் வெள்ளம் வருமா?

வரும். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். நெல்லையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அதே நேரம் மலையில் மழை கொட்டினால் சில நிமிடங்களிலேயே அருவிக்குக் காட்டாற்று வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது சிறுவன் உயிரிழந்தான்.

ஆற்றிலும் இதே கதைதான். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் நிரம்பினால் உபரி நீர் திறந்துவிடப்படும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் - சென்னை ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர்.

தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறிவிட வேண்டும். செருப்பு, செல்போன் எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது.

ஆற்றில் குளிக்க எது பாதுகாப்பு?

மேலே பார்க்க ஆறு அமைதியாகத்தான் தெரியும். அடியில் பள்ளமும் சுழலும் இருக்கலாம். தாமிரபரணியில் 8 தடுப்பணைகள் இருக்கின்றன. அவற்றின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் விழுந்து விழுந்து ஆழமாக அரித்திருக்கும், அங்கே இறங்கவே கூடாது. உள்ளூர் மக்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் குளிங்க. "அண்ணாச்சி, இங்க ஆழம் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் கரையில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடும் பழக்கம் இருக்கிறது. அந்தத் துணி அடியில் தங்கி, குளிப்பவர்களின் காலைச் சுற்றிக்கொள்ளும். தண்ணீரும் கெடும். நெல்லை, தூத்துக்குடி மக்கள் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். துணியைக் கையோடு எடுத்து வந்துவிடுங்க.

அருவியில் தடை போட்டால் என்ன பண்ணலாம்?

ஊருக்குள் ஒரு நாளை தாராளமாகச் செலவழிக்கலாம். நெல்லையப்பர் கோயிலுக்குக் காலையிலேயே போய் இசைத் தூண்களைப் பாருங்க. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களும், அதற்கு அப்பால் தூத்துக்குடி மாவட்டத்தில் ஆதிச்சநல்லூர் தொல்லியல் களமும் இருக்கின்றன. அம்பை சாலைப் பக்கம் பத்தமடையில் கோரைப்பாய் வாங்கலாம். நெல்லையப்பர் கோயில் எதிரே உள்ள இருட்டுக்கடை சாயந்தரம்தான் திறக்கும். மதிய சாப்பாட்டுக்குச் சொதிக் குழம்பு கிடைக்கிறதா என்று விசாரிக்க மறக்காதீங்க.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

போலீஸ், தீயணைப்பு உள்ளிட்ட அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்க.

கிளம்பும் நாள் காலையில் அணை நிலவரம், மழை எச்சரிக்கை, அருவியில் அனுமதி இருக்கிறதா என்ற இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்க. தடை என்று சொன்னால் வாக்குவாதம் வேண்டாம், அருவியை அடுத்த முறை வந்து பார்த்துக்கொள்ளலாம்.