குளிர்காலத்திற்கு ஒரு பூ
(சீகை மரம் கடல் கடந்த கதை)

உதகமண்டலத்திற்கும் கொடைக்கானலுக்கும் சென்று வந்தவர்கள் சாலையோரங்களில் ஒரு மரத்தைக் கண்டிருப்பார்கள். சாம்பல் நிறம் படர்ந்த, சிறகுபோன்ற மெல்லிய இலைகள். கிளை தெரியாதபடி கொத்துக் கொத்தாகத் தொங்கும் மஞ்சள் நிறப் பூவுருண்டைகள். மலைவாழ் மக்கள் இதைச் சீகை மரம் என்கிறார்கள். தாவர நூல்களில் இதன் பெயர் அகேசியா டீல்பேட்டா. இதே மரம்தான் தென் பிரான்சில் மைமோசா என்ற பெயரில் திருவிழாக் கொண்டாடப் பெறுகிறது.

ஒரே மரம், ஓரிடத்தில் விழாவுக்கு உரியதாகவும் மற்றோரிடத்தில் வெட்டி அகற்றப்பட வேண்டியதாகவும் ஆனது எப்படி? ‘குளிர்காலத்தில் தோட்டத்தில் நிறம் வேண்டும்’ என்று சில செல்வர்கள் கொண்ட ஆசை இக்கதையில் பெரும் பங்கு வகிக்கிறது.

குளிர்காலத்திற்கென்றே வீடுகள்

1834ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் அரசியல்வாதியான லார்ட் பிரூம் இத்தாலிக்குப் பயணமானார். அப்போது காலரா நோய் பரவியிருந்ததால் எல்லையில் அவர் தடுத்து நிறுத்தப்பட்டார். திரும்பி வந்தவர் கேன்ஸ் என்ற மீனவர் சிற்றூரில் தங்கினார். அவ்வூரின் இளவெயில் அவருக்குப் பிடித்துப் போயிற்று. அங்கேயே ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். அவரைப் பின்பற்றிப் பிரிட்டன், ரஷ்யா முதலிய குளிர் நாடுகளின் செல்வர்கள் அக்கடற்கரையை நாடினர். 1863இல் கேன்ஸ் நகருக்கும் 1864இல் நீஸ் நகருக்கும் ரயில் வந்தது. அதன்பின் கூட்டம் பெருகிற்று.

இன்று அக்கடற்கரைக்கு மக்கள் கோடையில் குளிக்கச் செல்கிறார்கள். அன்றோ அவர்கள் இலையுதிர்காலத்தில் வந்து, குளிர்காலத்தைக் கழித்து, இளவேனில் முடிவதற்குள் ஊர் திரும்பினர். கோடையில் மாளிகைகள் பூட்டிக் கிடந்தன. ஆகவே அங்குள்ள தோட்டக்காரருக்கு ஒரு புதிய சோதனை ஏற்பட்டது. எந்தச் செடியும் கோடையில் பூத்துப் பயனில்லை. முதலாளி ஊரில் இருக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பூக்க வேண்டும்! ஐரோப்பியத் தோட்டங்களின் வழக்கமான மலர்களில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தோற்றுப் போயின. பிப்ரவரியில் மலரும் வாதுமை போன்ற சில மட்டுமே தேறின.

மழையைப் பார்த்துச் செடியைத் தேடு

அப்படியானால் குளிர்காலப் பூக்களை எங்கே தேடுவது? மத்தியதரைக் கடற்கரையில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. கோடை வறண்டு கிடக்கிறது. இத்தகைய பருவநிலை உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 2 சதவீதத்தில்தான் உண்டு. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள், கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் முனைப்பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு, தென் பகுதிகள் ஆகிய ஐந்துமே அவை. இங்குள்ள செடிகளில் பல, மழை வந்ததும் தளிர்த்துக் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் பூத்துவிட்டுக் கோடையில் உறங்குகின்றன.

இதை உணர்ந்து பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் தாமஸ் ஹான்பரி. சீனாவின் ஷாங்காய் நகரில் வாணிபம் செய்து பொருளீட்டிய ஆங்கிலேயர் இவர். 1867இல் பிரெஞ்சு எல்லையை அடுத்து, இத்தாலிப் பகுதியில் உள்ள லா மோர்த்தோலா என்னுமிடத்தில் கடலை நோக்கிச் சரியும் நிலத்தை வாங்கினார். மருந்தியல் அறிஞரான அவருடைய தமையன் டானியல் ஹான்பரியும், லுட்விக் விண்டர் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலைஞரும் துணை நின்றனர். பல கண்டங்களிலிருந்தும் விதைகள் வந்து குவிந்தன. தென்னாப்பிரிக்கக் கற்றாழைகள் குளிர்காலத்தில் செந்நிறக் கதிர்களை நீட்டின. ஆஸ்திரேலிய அகேசியாக்கள் மஞ்சளாய்ப் பூத்தன. சனவரி மாதத் தொடக்கத்தில் அத்தோட்டத்தில் மலர்ந்திருக்கும் செடிகளைப் பட்டியலிட்டு வெளியிடும் வழக்கமும் இருந்தது. குளிர் நாட்டு வாசகர்களுக்கு அது எத்தகைய வியப்பை அளித்திருக்கும்! 1987 முதல் இத்தோட்டம் ஜெனோவாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

பெயரில் ஒரு குழப்பம்

ஆஸ்திரேலிய அகேசியாக்களை ஐரோப்பிய அறிவியலார் அறியத் தொடங்கியது 1770இல்தான் எனலாம். கேப்டன் குக்கின் கப்பலில் சென்ற ஜோசப் பேங்க்ஸும் அவருடைய தோழர் சோலாண்டரும் அக்கண்டத்தின் கிழக்குக் கரையில் செடிகளைத் திரட்டினார்கள். பின்னர் 1800இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட போதானின் ஆய்வுப் பயணமும் விதைகளைக் கொணர்ந்தது. நெப்போலியனின் மனைவி ஜோசபினின் மால்மெசோன் மாளிகைக் கண்ணாடி வீட்டில் ஆஸ்திரேலியச் செடிகள் வளர்ந்தன.

நம் கதைக்குரிய மரத்திற்கு 1822இல் லிங்க் என்ற ஜெர்மானிய அறிஞர் பெயரிட்டார். ‘டீல்பேட்டா’ என்றால் வெள்ளையடிக்கப்பட்டது என்று பொருள். இலையிலும் இளங்கிளையிலும் படிந்துள்ள வெண்பூச்சே காரணம். ஆங்கிலத்தில் இது வாட்டில் எனப்படும். மிலாறுகளைப் பின்னி அதன்மேல் மண் பூசிச் சுவர் எழுப்புவதற்கு அச்சொல் வழங்கியது. ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் இம்மரங்களின் கிளைகளை அவ்வாறு பயன்படுத்தியதால் மரத்திற்கும் அப்பெயர் வந்தது.

ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் மைமோசா என்பது தாவர இயலில் வேறொன்றைக் குறிக்கும். நம் வயல்வரப்பில் தொட்டால் சுருங்கும் தொட்டாற்சுருங்கியே உண்மையான மைமோசா! இரண்டும் அவரைக் குடும்பத்து உறவினர்கள். பூவுருண்டைகளும் ஒத்த வடிவின. நம் கருவேலமும் வெள்வேலமும் கூட நெடுங்காலம் அகேசியா என்றே வழங்கப் பெற்றன. 2005ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டின் முடிவால் அப்பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்குச் சென்றுவிட்டது. கருவேலம் இப்போது வாச்செல்லியா என்ற இனத்தைச் சேர்ந்தது.

மரத்தின் நாட்காட்டி

இனி ஒரு வினா. ஆஸ்திரேலியாவில் இம்மரம் ஜூலை முதல் அக்டோபர் வரை பூக்கிறது. ஐரோப்பாவில் மட்டும் சனவரி முதல் மார்ச் வரை பூப்பானேன்?

உலக உருண்டையை எடுத்துப் பாருங்கள். இம்மரம் வளரும் தாஸ்மேனியத் தீவில் ஹோபார்ட் நகரம் தெற்கு அட்சரேகை ஏறத்தாழ 43 டிகிரியில் இருக்கிறது. கேன்ஸ் நகரமோ வடக்கு அட்சரேகை 43.5 டிகிரி. பூமத்திய ரேகையை மடிப்பாகக் கொண்டு வரைபடத்தை மடித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வரியில் வந்து பொருந்தும். ஆகவே கோடைப் பகலின் நீளமும் குளிர்காலப் பகலின் குறுக்கமும் இரண்டு இடங்களிலும் ஒன்றே. வேறுபாடு ஆறு மாதம் முன்பின் என்பதே. மரத்திற்கு மாதப் பெயர்கள் தெரியா. அது கோடையில் மொட்டுகளை உண்டாக்குகிறது. குளிர்ச்சியில் அவற்றை முதிரச் செய்கிறது. குளிர்காலக் கடைசியில் விரிக்கிறது. இடம் மாறியபோது மரத்தின் பழக்கம் மாறவில்லை. நம் நாட்காட்டிதான் மாறியது.

ஒவ்வோர் உருண்டையும் ஒரு பூவன்று. ஏறத்தாழ முப்பது சிறு பூக்களின் தொகுதி. அவற்றில் இதழ்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மஞ்சள் நிறம் முழுவதும் மகரந்தக் கேசரங்களின் கொடையே.

பிரெஞ்சு வேளாளர்கள் இந்த நாட்காட்டியைச் சற்று முன்தள்ளவும் கற்றுக்கொண்டனர். மொட்டு முதிர்ந்த கிளைகளை வெட்டி, ஏறத்தாழ 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் உள்ள அறைகளில் ஓரிரு நாட்கள் வைத்தால் பூக்கள் விரிந்துவிடும். இவ்வாறு மலர்ந்த கிளைகள் ரயிலேறிப் பாரிசுக்குச் சென்றன. தான்னெரோன் குன்றுகளின் சுண்ணாம்பற்ற மண் இம்மரத்திற்கு மிகவும் ஏற்றது. சுண்ணாம்பு மண்ணிலோ இலை வெளுத்துவிடும். அத்தகைய இடங்களில், சுண்ணாம்பைத் தாங்கும் மற்றோர் அகேசியாவின் அடிமரத்தில் ஒட்டுக் கட்டி வளர்த்தனர்.

மாந்தெலியு என்ற ஊரில் 1931 முதல் மைமோசா விழா நடைபெறுகிறது. போர்ம் என்னும் ஊர் 1968இல் தன் பெயருடனேயே மைமோசாவைச் சேர்த்துக்கொண்டது. இத்தாலியில் 1946ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் மகளிர் தினத்திற்கு ஒரு மலர் தேவைப்பட்டபோது மைமோசாவே தேர்ந்தெடுக்கப்பட்டது. போரால் வறுமையுற்றிருந்த நாட்டில், அந்த வாரத்தில் எங்கும் பூத்திருப்பதும் விலை மலிவானதும் அதுவே அல்லவா!

உதகையில் ஒரு விந்தை

நம் நீலகிரிக்கு வருவோம். ஜான் சல்லிவன் 1819இல் இம்மலைக்கு வந்தபின் வெள்ளையர் குடியேற்றம் வளர்ந்தது. குளிருக்கு விறகு வேண்டும். தோட்டத்திற்கு அழகு வேண்டும். சோலைக் காடுகள் வேகமாக வெட்டப்பட்டதால், விரைவில் வளரும் ஆஸ்திரேலிய மரங்கள் 1830, 1840களில் இங்கு வந்து சேர்ந்தன.

உதகையில் இம்மரம் பூத்த காலத்தைப் பல ஆண்டுகள் கவனித்து வந்த ஒருவரின் குறிப்பு 1882இல் வெளிவந்தது. 1845ஐ ஒட்டி அம்மரங்கள் அக்டோபரில் பூத்தன. அது ஆஸ்திரேலிய வழக்கத்தை ஒட்டியது. 1860இல் செப்டம்பர், 1870இல் ஆகஸ்டு, 1878இல் ஜூலை, 1882இல் ஜூன்! பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த புது விதைகளில் முளைத்தவை மட்டும் அவ்வளவு முந்திப் பூக்கவில்லையாம். அந்நிய மரம் புதிய ஊரின் பருவத்திற்குத் தன்னைப் படிப்படியாகப் பழக்கிக்கொள்கிறது என்று அக்குறிப்பு கருதியது.

இக்குறிப்பை இன்று படிக்கும்போது எச்சரிக்கை தேவை. நாற்பது ஆண்டு என்பது ஒரு மரத்திற்குச் சில தலைமுறைகளே. முந்திப் பூத்த மரங்களின் விதைகளே மீண்டும் மீண்டும் முளைத்திருந்தால் ஓரளவு மாற்றம் நிகழலாம். அதனாலேயே முழு மாற்றமும் விளைந்தது என்று நிலைநாட்டுவது கடினம். ஆனால் ஒன்று தெளிவு. ஹோபார்ட்டில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஆறு மணி நேரத்திற்கும் மேல் வேறுபாடு உண்டு. உதகையிலோ அது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே. கோடைக்கும் குளிர்காலத்திற்கும் வெப்ப வேறுபாடும் குறைவு. கேன்ஸில் மரத்திற்குப் பழைய நாட்காட்டி தலைகீழாகக் கிடைத்தது. உதகையில் அதன் எழுத்துகளே மங்கிவிட்டன.

வேலி தாண்டிய பூ

பூவைக் கருதித் தேர்ந்தவர்கள் விதையைக் கருதவில்லை. இம்மரத்தின் விதை தடித்த தோலுடையது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். காட்டுத் தீயின் வெப்பத்தில் தோல் வெடித்துக் கூட்டமாக முளைக்கும். மரத்தை வெட்டினால் அடியிலிருந்தும் வேரிலிருந்தும் கன்றுகள் கிளம்பும். வேர்முடிச்சுகளிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் வறிய மண்ணும் இதற்குப் போதும்.

1956 பிப்ரவரியில் தென் பிரான்சைத் தாக்கிய கடும் உறைபனியில் ஒலிவ மரங்களோடு மைமோசாக்களும் கருகின. பின்னர் வேர்களிலிருந்து துளிர்த்தெழுந்தன. விழாவூர்களுக்கு இது நற்செய்தி. ஆனால் இதே குணம் மற்ற இடங்களில் தீராத தலைவலியாயிற்று. போர்ச்சுகல் 1999இல் இம்மரத்தை ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் சேர்த்தது. தென்னாப்பிரிக்காவிலும் இது ஓடைக் கரைகளை அடைத்துக்கொண்டுள்ளது.

நீலகிரியிலும் பழனி மலையிலும் இழப்பு வேறு வகையானது. அங்கே பள்ளங்களில் சோலைக் காடும் மேடுகளில் புல்வெளியும் இயற்கையாக அமைந்தவை. புல்வெளியைப் பயனற்ற வெற்று நிலம் என்று எண்ணியவர்கள், தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்குமாகச் சீகை இனங்களையும் கற்பூர மரத்தையும் 20ஆம் நூற்றாண்டில் பெருமளவில் நட்டார்கள். தோப்புகளிலிருந்து சீகை புல்வெளிக்குள் தானே பரவியது. வரையாடு மேய்வதும், 12 ஆண்டுகளுக்கொருமுறை குறிஞ்சி பூப்பதும், தோடர்களின் எருமைகள் வாழ்வதும் அப்புல்வெளியை நம்பியே. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளிப் பரப்பு மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. மரத் தோப்புகளும் விவசாயமுமே காரணம்.

அந்நிய மரங்களை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவுகள் பிறப்பித்துள்ளது. வனத்துறையும் அப்பணியில் ஈடுபட்டிருக்கிறது. வேலை எளிதன்று. மரத்தை ஒரு நாளில் வெட்டலாம். மண்ணிலுள்ள விதைகள் முளைக்க முளைக்கப் பல ஆண்டுகள் பிடுங்க வேண்டும். பழனி மலையில் சில முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் முளைத்திருப்பதும் காணப்பட்டுள்ளது. அங்கே ஒரேயடியாக வெட்டினால் அக்கன்றுகளும் போகும். எனவே எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று இடமறிந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தோட்டத்திற்குச் செடி தேர்ந்தெடுக்க 19ஆம் நூற்றாண்டுத் தோட்டக்காரர் கேட்ட கேள்விகள் மூன்று: எப்போது பூக்கும்? என்ன நிறம்? உறைபனியைத் தாங்குமா? மூன்றுக்கும் சீகை மரம் நல்ல விடை தந்தது. அதன் விதை எங்கே போகும் என்ற நான்காவது கேள்வியை அன்று எவரும் கேட்கவில்லை. அதற்கான விடையை, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நம் மலைப் புல்வெளிகளில் ஒவ்வொரு கன்றாகக் கையால் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.