தீக்குச்சிக்கு இன்னொரு வரலாறு

மல்லாங்கிணறு பக்கம் தீக்குச்சின்னா கூலி. எனக்கு, மருத்துவர் என்கிற முறையில், தீக்காயம். இன்று சொல்லப்போவது மூன்றாவது ஒன்று.

1922ல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை ஏமாற்றும் கரிசல் பூமிக்கு அந்தத் தொழில் கஞ்சி ஊத்துச்சு, மறுக்க முடியாது. ஆனால் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளை உட்கார வைத்ததும் அதே தொழில்தான். உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது.

அதற்குப் பல வருடம் முன்பே, மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் கையில் தீக்குச்சி வேறு வேலை செய்துகொண்டிருந்தது.

அங்கே ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. மனப்பாடம் கிடையாது, பிள்ளைகளே சோதனை செய்து பார்க்கணும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம்! டெல்லி பல்கலைக்கழக ஆசிரியர்கள் கிராமத்துக்கு வந்து வாத்தியார்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தார்கள்.

1978ல் அங்கே போய்ச் சேர்ந்தார் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடி இன்ஜினியர், புனே டெல்கோவில் வேலை, ஒரு வருடம் லீவு. கிராமத்தில் லேப் ஏது? சைக்கிள் வால்டியூப்பைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினார். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. டியூப்பின் நடுவில் முள்ளால் குத்தி இன்னொரு குச்சியைச் செருகினால் மூன்று குச்சி இணைப்பு.

மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்திப் பாருங்க, அசையாது. நான்கு குச்சிச் சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் நின்றுவிடும். கரண்ட் டவர் முழுக்க ஏன் முக்கோணம்னு ஆறாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். ஆறு குச்சி, நான்கு இணைப்பு இருந்தால் நான்முகி. இதை நான் கரும்பலகையில் படம் பார்த்து மட்டும்தான் படித்தேன்.

30 வருடம் ஓடிய திட்டத்தை 2002ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஒரு நல்ல காரியத்தை மூட ஒரு ஆர்டர் போதும்!

ஆனால் தீக்குச்சி தப்பித்தது. புனே பல்கலைக்கழக வளாகத்தில் 1988ல் வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் தலைமையில் ஐயுகா என்ற பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மையம் தொடங்கியிருந்தது. கருந்துளை ஆராயும் இடம். மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் பேச்சு. ஆட்டோகிராப் கேட்கும் பிள்ளைகளிடம் நார்லிகர், "ஒரு கேள்வியைத் தபால் அட்டையில் எழுதி அனுப்பு, பதிலோடு கையெழுத்தும் வரும்" என்பாராம். அங்கே சிறுவர் அறிவியல் மையம் வந்தபோது, சுமார் பத்து வருடம் அதில் வேலை பார்த்தவர் குப்தா. குப்பையில் கிடப்பதை வைத்தே நூற்றுக்கணக்கான பொம்மைகள் செய்தார். 2018ல் பத்மஸ்ரீ. புத்தகங்களையும் வீடியோக்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார், தமிழிலும் உண்டு.

லீவில் பிள்ளைகளோடு செய்து பாருங்க. டாக்டராக ஒரே நிபந்தனை: தலையில் மருந்து உள்ள குச்சியைக் கொடுக்காதீங்க. மருந்து முக்காத வெறும் குச்சி நம்ம மாவட்டத்தில் கேட்டால் கிடைக்கும்.